பத்தீர்: எட்டு நாள் வாரம் நடக்கும் பாலஸ்தீனக் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தீர் எங்கே இருக்கிறது?

மேற்குக் கரையில், பெத்லகேம் மாவட்டத்தில். பெத்லகேம் நகரிலிருந்து மேற்கே 6 கிலோமீட்டர் சொச்சம், ஜெருசலேமுக்குத் தென்மேற்கே. வடகிழக்கில் அல்-வலஜா, கிழக்கில் பெய்த் ஜாலா, தென்மேற்கில் ஹுசான், தெற்கே நஹாலீன் ஆகியவை பக்கத்து ஊர்கள். ஹுசானுக்கு அருகிலேயே பெய்தார் இல்லித் என்ற பெரிய இஸ்ரேலியக் குடியேற்றம் இருக்கிறது.

ஊர் ஒரு செங்குத்தான சரிவில் உட்கார்ந்திருக்கிறது. மேலே வீடுகள். வீடுகளுக்கு நடுவே ஊற்று. ஊற்றுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் அடுக்கு நிலங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பள்ளத்தாக்கின் தரையில், ரயில் பாதை. அந்தப் பள்ளத்தாக்கை அரபியில் வாதி அஸ்-ஸிக்கா, அதாவது 'தண்டவாளப் பள்ளத்தாக்கு' என்கிறார்கள், ஹீப்ருவில் ரெஃபாயிம். மேலிருந்து கீழாக வரும் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பங்கீடு, எல்லைத் தகராறு, கழிவுநீர்ப் பிரச்சினை எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

எவ்வளவு பெரிய ஊர்?

சிறிய ஊர்தான். 1596ஆம் ஆண்டு ஒட்டோமான் (துருக்கிப்) பேரரசின் வரிப் பதிவேட்டில் 24 குடும்பங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலக் கணக்கெடுப்பில் 1922இல் 542 பேர், 1931இல் 758 பேர்; 1945இல் 1,050 பேர். 2007 பாலஸ்தீனக் கணக்கெடுப்பில் 3,967 பேர்.

1945 கணக்குப்படி ஊர் நிலம் 8,028 துனம். ஒரு துனம் என்பது 1,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட கால் ஏக்கர். ஆக ஊரின் மொத்தப் பரப்பு 8 சதுர கிலோமீட்டர். அன்றைக்கு அதில் வீடுகள் இருந்த இடம் 73 துனம் மட்டுமே.

மலைச்சரிவில் வருடம் முழுக்கத் தண்ணீர் எப்படி வருகிறது?

இந்த மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச்-ஏப்ரல் வரை பெய்யும் மழை கல்லின் வெடிப்புகள் வழியே உள்ளே இறங்குகிறது. கீழே களிமண் கலந்த மார்ல் என்னும் அடுக்கு ஒன்று உண்டு. அதைத் தாண்டித் தண்ணீர் எளிதில் இறங்காது. பக்கவாட்டில் நகர்ந்து, அந்த அடுக்கு மலைச்சரிவில் வெளியே தெரியும் இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. ஜெருசலேம் மலைகளின் ஊற்றுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன.

பத்தீரின் தலைமை ஊற்றுக்குப் பெயர் அயின் அல்-பலத், 'ஊர் ஊற்று'. பாறைக்குள் வெட்டிய வழியாக வரும் தண்ணீர் ரோமர் காலத்துக் கல் தொட்டியில் தேங்கி, அங்கிருந்து திறந்த வாய்க்கால்களில் நிலங்களுக்கு இறங்குகிறது. மோட்டார் கிடையாது, சரிவுதான் தண்ணீரை ஓட்டுகிறது. அதனால் ஊற்றுக்குக் கீழே உள்ள நிலத்தில் மட்டுமே காய்கறி. ஊற்றின் மட்டத்துக்கு மேலே உள்ளதெல்லாம் மானாவாரி: ஆலிவ், திராட்சை, அத்தி, பாதாம்.

"பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்" என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. நாட்காட்டி அல்ல, தண்ணீர் முறை. ஊரில் எட்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒரு நாள் ஒரு குடும்பத்துக்கு என்று ஊற்றுத் தண்ணீர் சுற்றி வருகிறது. எட்டு குடும்பம், எட்டு நாள். ஒன்பதாம் நாள் மறுபடி முதல் குடும்பத்தின் முறை.

இந்த எட்டு என்ற எண்ணில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஏழு நாள் சுற்றாக இருந்திருந்தால், ஒரு குடும்பத்துக்கு எப்போதும் வெள்ளிக்கிழமைதான் முறை என்று நிலைத்துவிடும். தொழுகை நாளில் அவர்கள் மட்டும் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். எட்டு நாள் சுற்றில், போன தடவை வெள்ளி என்றால் அடுத்த தடவை சனி, அதற்கடுத்தது ஞாயிறு. 56 நாளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எல்லாக் கிழமையும் ஒரு தடவை வந்துவிடுகிறது. யாரும் யாரிடமும் முறையிட வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 45 அல்லது 46 முறை.

ஒரு குடும்பத்தின் நாளில், அதற்குள் எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள்?

இரவெல்லாம் தொட்டியில் தண்ணீர் சேரும். காலையில் அளவுக் கோடு போட்ட குச்சியைத் தொட்டிக்குள் நேராக இறக்கி ஆழம் பார்ப்பார்கள். குச்சியில் நனைந்த கோடுகளின் எண்ணிக்கைதான் அன்றைய இருப்பு. அதை அந்தக் குடும்பத்துக்குள் இருக்கும் பங்குகளால் வகுப்பார்கள்.

ஒரு கணக்கு சொன்னால் எளிதாகப் புரியும். குச்சி 24 கோடு நனைந்திருக்கிறது, அன்றைக்குப் பங்குதாரர் ஆறு பேர், எல்லாருக்கும் சம பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நான்கு கோடு. முதல் ஆளுக்கு மடை திறப்பார்கள். நீர்மட்டம் நான்கு கோடு இறங்கியதும் அவர் வாய்க்காலை அடைத்து அடுத்தவருக்குத் திருப்புவார்கள். இரண்டு பங்கு உள்ளவருக்கு எட்டுக் கோடு. கோடை கடுமையாகி ஊற்று மெலிந்தால் கோடுகளின் எண்ணிக்கை குறையும், பங்கு விகிதம் மாறாது. பஞ்சம் எல்லார் வயலிலும் ஒரே அளவில் விழுகிறது. இந்த ஏற்பாட்டின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

ஊற்று தனியார் சொத்து அல்ல. பங்கு என்பது பயன்படுத்தும் உரிமை. அது வாரிசுகளுக்கு இறங்கும். பிள்ளைகள் பெருகப் பெருகப் பங்கு துண்டாகிறது. சிலரின் பங்கு ஒரு சில பாத்திக்குத்தான் காணும். அதனால் உறவினருக்குள் முறையை விட்டுக்கொடுப்பதும் மாற்றிக்கொள்வதும் சாதாரணம்.

வாய்க்காலில் என்ன கோளாறு வரும்?

முதல் கோளாறு வண்டல். மழைக்குப் பிறகு செம்மண் இறங்கி வாய்க்காலின் அடியில் படியும். ஆழம் குறைந்ததும் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கீழேயுள்ள கல்கட்டின் முதுகுக்குள் புகும். வாய்க்காலைத் தூர்வாராத அலட்சியம் இப்படித்தான் மறுவருடம் ஒரு சுவர் சரிவதில் போய் முடிகிறது.

இரண்டாவது கசிவு. மடையைக் கல், மண், பழந்துணி வைத்துத்தான் அடைக்கிறார்கள். அடைப்பு சரியில்லையென்றால் ஒருவர் பங்கு இன்னொருவர் நிலத்தில் சொட்டும். விரிசல் விழுந்த பழைய வாய்க்கால்களுக்கு சிமென்ட் பூசிவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். கசிவு நிற்கும்தான், ஆனால் பூச்சு வெயிலிலும் குளிரிலும் வெடிக்கும், கல்லோடு ஒட்டிப் பெயரும், பாரம்பரியத் தோற்றமும் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து வைத்துச் செப்பனிடுவதே நிலைக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: வீட்டுக் கழிவுநீர். வீடுகளில் பல ஊற்றுக்கு மேலே இருக்கின்றன; சரிவின் வரிசையைத் தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். கழிவு உறிஞ்சுகுழிகளில் விடப்படுகிறது. மழையை உள்வாங்கும் அதே கல்வெடிப்புகள் இதையும் உள்வாங்கும். வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல், மணலைப் போல வடிகட்டாது. பாதாளச் சாக்கடை அமைப்பது, உலகப் பாரம்பரியத் தளமான இந்த ஊரைக் காப்பாற்றச் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலேயே இருக்கிறது. வீடு பெருகும் வேகத்தைப் பார்த்தால், எல்லாச் சீரமைப்பு வேலைகளுக்கும் முன்னால் நடக்க வேண்டியது இதுதான்.

அடுக்கு நிலத்தின் கல்கட்டு எப்படிக் கட்டப்படுகிறது?

அரபியில் ஒரு சுவரைச் சின்சிலே என்றும், பல சுவர்களைச் சனாசில் என்றும் சொல்கிறார்கள். சாந்து கிடையாது. கல்லின் எடையும் அது உட்காரும் விதமும்தான் சுவரைப் பிடித்து நிற்கின்றன.

முதலில் மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவிட்டு, பாறையோ கெட்டித் தரையோ வரும்வரை தோண்டுவார்கள். அடித்தளத்தில் இருப்பதிலேயே பெரிய கற்கள். அவற்றின் தலை மலையை நோக்கிச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் தாழ்ந்தால் சுவர் வழுக்கிவிடும். அதன்மேல் வரிசை வரிசையாகக் கல் வைக்கும்போது இரண்டு கல்லின் இணைப்பு, கீழ் வரிசை இணைப்புக்கு நேர் மேலே வரக்கூடாது. நீளமான கல்லை முகப்பில் நீளவாக்கில் காட்டினால் அழகாகத் தெரியும், ஆனால் அது தவறு. நீளம் சுவருக்குள் போக வேண்டும், முகப்பில் அதன் தலை மட்டும் தெரிய வேண்டும். அப்போதுதான் அது பின்னால் உள்ள சரளையைக் கவ்வும். உயர உயர, சுவர் மலைப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே உடைகல்லும் சரளையும் நிரப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதியில்தான் சுவரின் ஆயுள் இருக்கிறது. மழைத் தண்ணீர் சரளை வழியே இறங்கி, கல் இடுக்குகளில் கசிந்து வெளியேறிவிடும். சரளைக்குப் பின்னால் அடிமண், மேலே ஒதுக்கி வைத்த நல்ல செம்மண். வயலில் பொறுக்கிய கல்தான் சுவராகிறது. சுவர் பிடித்து வைக்கும் மண்தான் வயலாகிறது.

அது ஏன் இடிகிறது? எப்படிச் சரிசெய்வது?

பெரும்பாலும் தண்ணீரால். வருடக்கணக்கில் நுண்மண் இறங்கிச் சரளையின் இடைவெளிகளை அடைத்துவிடும். அப்புறம் ஒரு பெரு மழையில் சுவருக்குப் பின்னால் ஈரமண் கனத்து, சுவர் நடுவில் கர்ப்பிணி வயிறு போல் முன்தள்ளும். அடுத்த மழையில் சரியும். மர வேர் கல்லைப் பிளப்பது, ஆடு ஏறிப் பழகுவது, மனிதர்கள் குறுக்கு வழியாகச் சுவர்மேல் ஏறுவது ஆகியவையும் காரணம். ஒரு கல் உச்சியிலிருந்து விழுந்தால் அதற்குப் பக்கத்துக் கல் தளரும். கவனிக்காமல் விட்டால் ஒரே குளிர்காலத்தில் ஒரு கல் விழுந்த இடம் ஒரு கஜ நீள உடைப்பாகும்.

முன்தள்ளிய சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுப்பது பயனற்றது. தள்ளிய பகுதியை விட அகலமாக, மேலே விரிந்து கீழே குறுகும்படி பிரித்தெடுக்க வேண்டும். எடுத்த கல்லைப் பெரிது, நடுத்தரம், சரளை என்று தனித்தனியாகக் கீழே பரப்பி வைத்து, அடைபட்ட சரளையை வாரி எடுத்துவிட்டு, அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். அவசரத்தில் சிமென்ட் வைத்துப் பூசினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவர் மொத்தமாகச் சாயும். பார்க்க உறுதியான சிமென்ட் சுவர், இந்தச் சரிவில் அணைக்கட்டு மாதிரி தண்ணீரைத் தாங்க வேண்டியதாகிவிடும்; அதற்கான வலு அதனிடம் இல்லை.

ஒரு சுவர் இடிந்தால் அவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

ஆம், இந்த ஊரில் கட்டாயம் கவலைப்பட வேண்டும். மண் போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சட்டம். 1858ஆம் ஆண்டு ஒட்டோமான் நிலச் சட்டப்படி, தகுந்த காரணமின்றித் தொடர்ந்து மூன்று ஆண்டு பயிரிடாத 'மீரி' வகை (அரசுக்குச் சொந்தமான, உழவருக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உள்ள) நிலத்தின் மீதான உரிமையை உழவர் இழக்கலாம். மேற்குக் கரையில் இஸ்ரேல் 1979-80க்குப் பிறகு நிலங்களை 'அரசு நிலம்' என்று அறிவிப்பதற்கு இந்தப் பழைய சட்டத்தைத்தான் கருவியாகப் பயன்படுத்தியது. அதனால் சுவர் சரிந்து, மண் இறங்கி, கடைசியில் 'கட்டாந்தரை' என்று வகைப்படுத்தப்படும் நிலம், விளைச்சலை மட்டும் இழப்பதில்லை. பத்தீரில் கல்லை எடுத்து வைப்பவர் தன் பட்டாவையும் சேர்த்தே பாதுகாக்கிறார்.

இளைஞர்கள் நகரத்தில் கட்டட வேலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். வயலில் கிடைப்பதை விட அங்கே கூலி அதிகம். இந்தப் பழக்கம் நிலத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பது இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

வயல்களில் தெரியும் சிறு கல் கோபுரங்கள் என்ன?

விவசாயக் காவல் மாடங்கள். மன்தரா என்றும் கஸ்ர் என்றும் சொல்வார்கள். 'கஸ்ர்' என்றால் அரண்மனை. அந்தச் சிறு கல் அறைக்கு அந்தப் பெயர். கீழ்த்தளம் தடித்த சுவரால் குளிர்ச்சியாக இருக்கும், பறித்த பழத்தை அங்கே வைப்பார்கள். மேலே இலை தழை போட்ட பந்தல். திராட்சையும் அத்தியும் பழுக்கும் கோடையில் குடும்பமே வந்து தங்கும். ஊருக்கு அருகிலுள்ள மக்ரூர் பள்ளத்தாக்கில் இவற்றை நிறையப் பார்க்கலாம்.

பத்தீர் கத்தரிக்காய்க்கு ஏன் இவ்வளவு பெயர்?

நீளமாக, ஒல்லியாக, தோல் மெலிந்து, விதை குறைவாக இருக்கும். இனமும் ஊற்றுநீரும் சேர்ந்து கொடுக்கும் குணம் இது. ஊரில் கத்தரிக்காய்த் திருவிழாவே உண்டு. குடைந்து உள்ளே அரிசியும் கொத்துக்கறியும் அடைத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைக்கும் மஹ்ஷிக்கு இது பேர்போனது. அரிசியை முக்கால் அளவுக்குத்தான் அடைக்க வேண்டும். முழுக்க அடைத்தால் அரிசி உப்பிக் காய் வெடிக்கும்.

சிறு பிஞ்சுகளில் மக்தூஸ் என்ற எண்ணெய் ஊறுகாய் போடுவார்கள். காம்பை நீக்கி, மிதக்காமல் இருக்க மேலே தட்டை அழுத்தி வைத்து 10 முதல் 15 நிமிடம் வேகவைக்க வேண்டும். ஆறியதும் பக்கவாட்டில் கீறி, உள்ளே உப்புத் தடவி, சல்லடையில் அடுக்கிப் பாரம் வைத்து ஒன்றிரண்டு நாள் நீர் வடிய விட வேண்டும். பிறகு அக்ரூட், சிவப்பு மிளகாய், பூண்டு சேர்த்து இடித்த கலவையை அடைத்துப் போத்தலில் இறுக்கமாக அடுக்கி, போத்தலைக் கவிழ்த்து இன்னும் ஒரு நாள் வைத்து மிச்ச நீரையும் வடிக்க வேண்டும். கடைசியில் ஆலிவ் எண்ணெய், காய் முழுக்க மூழ்கும்வரை. மக்தூஸ் கெட்டுப்போனால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: நீர் சரியாக வடியவில்லை. எண்ணெய்க்கு மேலே தலைநீட்டும் காயிலும் பூசணம் பிடிக்கும்.

ஊரின் மிகப் பழைய வரலாறு என்ன?

ஊரின் பெயரே பழைய பெத்தார் என்ற பெயரின் எச்சம். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் யூதர்கள் பர் கோக்பா தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் கடைசிக் கோட்டை பெத்தார், பொ.ஆ. 135இல் வீழ்ந்தது. யூத மரபில் அது இன்றும் துக்கத்தோடு நினைக்கப்படும் பெயர். கோட்டை இருந்த குன்று இப்போதைய ஊரை ஒட்டியே இருக்கிறது. அரபியில் அதற்கு கிர்பத் அல்-யஹூத், 'யூதர்களின் இடிபாடு' என்று பெயர். அரபுக் கிராமத்தார் அந்த நினைவைத் தங்கள் இடப்பெயரிலேயே காத்துவைத்திருக்கிறார்கள். 1984இல் தொல்லியலாளர் டேவிட் உசிஷ்கின் அங்கே அகழாய்வு செய்தார். அவசரமாகக் கட்டப்பட்ட அரண் சுவரும், அதற்கும் முந்திய இரும்புக் காலக் குடியிருப்பின் தடயங்களும் கிடைத்தன. குன்றைச் சுற்றி ரோமர் போட்ட முற்றுகைச் சுவரின் தடமும் தெரிகிறது. ஊற்றின் அருகே இருந்த இலத்தீன் கல்வெட்டு ஒன்று 5ஆம் மாசிடோனிகா, 11ஆம் கிளாடியா என்ற இரு ரோமப் படையணிகளைக் குறிப்பிடுகிறது.

அடுக்கு நிலங்களும் ரோமர் காலத்தவைதானா?

"இரண்டாயிரம் ஆண்டுச் சுவர்" என்று சுற்றுலா விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மலைப் பகுதியில் அடுக்கு விவசாயம் மிகப் பழையது. ஆனால் ஜெருசலேம் மலைகளின் அடுக்கு நிலங்களில், மண்துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று பார்த்த ஆய்வுகள், இன்று நிற்கும் சுவர்களில் கணிசமானவை கடந்த சில நூற்றாண்டுகளில் கட்டப்பட்டவை அல்லது புதுப்பிக்கப்பட்டவை என்று காட்டுகின்றன. அதுதான் இயல்பும்கூட. சாந்தில்லாத சுவரைத் தலைமுறைக்கு ஒரு தடவையாவது பிரித்துக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ரயில் எப்போது வந்தது?

1892 செப்டம்பரில். யாஃபா துறைமுகத்தையும் ஜெருசலேமையும் இணைத்த சுமார் 87 கிலோமீட்டர் பாதை அது. பிரெஞ்சு நிறுவனம் போட்டது. மலையேற வசதியான சரிவு இந்தப் பள்ளத்தாக்கில்தான் கிடைத்தது. ஜெருசலேமுக்கு முந்திய கடைசி நிலையம் பத்தீர். தொடக்கத்தில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். 1920இல் பிரிட்டிஷார் அகலப்படுத்தினார்கள்.

ஊரின் பொருளாதாரம் அதோடு மாறியது. காலையில் பறித்த கீரையும் கத்தரிக்காயும் வாடுவதற்குள் ஜெருசலேம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன. கூடை சுமந்து ரயிலேறியவர்களில் பெண்கள் அதிகம்.

1948-49இல் ஊர் எப்படித் தப்பியது?

1948 அரபு-இஸ்ரேல் போரில் பத்தீர் மக்களில் பெரும்பாலானவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அக்கம்பக்கத்தில் அல்-வலஜா, அல்-கபூ போன்ற ஊர்கள் காலியாகி அழிந்தன. பத்தீரில் மட்டும் ஒரு சிறு குழு தங்கியது. அவர்களுக்கு முன்நின்றவர் ஹசன் முஸ்தஃபா என்ற ஆசிரியர், எழுத்தாளர். ஆள் நடமாட்டம் இருப்பதுபோல் தெரிய, காலி வீடுகளில் இரவில் விளக்கேற்றி வைத்தார்கள், பகலில் துணி காயப்போட்டார்கள் என்பது ஊர் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. ஜன்னலில் ஒரு விளக்கு, கொடியில் ஒரு சட்டை. தூரத்திலிருந்து பார்க்கும் படைவீரனுக்கு அது குடியிருக்கும் ஊர். பிறகு மக்கள் திரும்பி வந்தார்கள்.

1949 ஏப்ரலில் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையில் ரயில் பாதை இஸ்ரேலுக்கு வேண்டியிருந்தது. ஆகவே 'பச்சைக் கோடு' எனப்படும் போர்நிறுத்தக் கோடு பாதைக்குத் தெற்கே, ஊரை உரசிக்கொண்டு வரையப்பட்டது. ஊரின் நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கோட்டுக்கு அப்பால் போனது. ஊர்ப் பள்ளிக்கூடமும் தண்டவாளத்துக்கு மறுபக்கம். இஸ்ரேல் தரப்பில் படைத்தளபதி மோஷே தயானோடு நடந்த பேச்சில் ஒரு ஏற்பாடு பிறந்தது: ஊரார் கோட்டைத் தாண்டிப் போய்த் தங்கள் நிலத்தைப் பயிரிடலாம், பதிலுக்கு ரயிலுக்கு எந்தச் சேதமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலியில்லாமல், காவல் சாவடியில்லாமல், அந்தச் சொல் பல பத்தாண்டுகள் காப்பாற்றப்பட்டது. கோட்டின் இருபக்கமும் ஒரே விவசாயி உழுத இடம் இது.

பிரிப்புச் சுவர் இங்கே கட்டப்பட்டதா?

இல்லை. மேற்குக் கரையை இஸ்ரேலிலிருந்து பிரிக்க எழுப்பும் சுவருக்கு இஸ்ரேல் திட்டமிட்ட தடம் ரயில் பாதையை ஒட்டி, அடுக்கு நிலங்கள் வழியே சென்றது. கட்டியிருந்தால் ஊரார் அப்பாலுள்ள நிலத்துக்குப் போக முடியாது. கனரக இயந்திரங்கள் கல்கட்டுகளையும் வாய்க்கால்களையும் அறுத்திருக்கும். 2012இல் ஊராரும், பாலஸ்தீன-இஸ்ரேலிய-ஜோர்டானியச் சுற்றுச்சூழல் அமைப்பான ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த் மிடில் ஈஸ்ட்டும் (இப்போது எக்கோபீஸ்) இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் போனார்கள். இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே சுவர் இந்த நிலக்காட்சியைக் கெடுக்கும் என்று சொன்னது வழக்கின் திருப்பம். 2015 ஜனவரியில் அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

யுனெஸ்கோ அங்கீகாரம் எப்போது, ஏன்?

2011இல் பாரம்பரிய நிலக்காட்சிப் பாதுகாப்புக்கான மெலினா மெர்கூரி விருது கிடைத்தது. பரிசுத்தொகை 15,000 டாலர். 2014இல் தோஹாவில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு 'பாலஸ்தீனம்: ஆலிவ், திராட்சைகளின் நிலம் – தெற்கு ஜெருசலேம் பண்பாட்டு நிலக்காட்சி, பத்தீர்' என்ற பெயரில் பட்டியலில் சேர்த்தது. பெத்லகேமின் பிறப்புத் தேவாலயத்துக்குப் பிறகு பாலஸ்தீனத்தின் இரண்டாவது தளம். மையப் பரப்பு 348.83 ஹெக்டேர், சுற்றுப் பாதுகாப்பு வளையம் 623.88 ஹெக்டேர்.

மதிப்பீடு செய்த இக்கோமாஸ் நிபுணர் அமைப்பு, வழக்கமான நடைமுறையைத் தாண்டி உடனே சேர்க்கும் அவசரப் பதிவுக்கு ஆதரவு தரவில்லை. குழு வாக்கெடுப்பு நடத்தித்தான் சேர்த்தது. சுவர்த் திட்டம் தலைமேல் தொங்கியதால் அதே நாளில் 'அபாயத்தில் உள்ள பாரம்பரியம்' பட்டியலிலும் இடம்பெற்றது.

இப்போது ஆபத்து நீங்கிவிட்டதா?

நீங்கவில்லை. இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட 1995 ஓஸ்லோ ஏற்பாட்டின்படி ஊர் நிலத்தில் சுமார் கால் பங்குதான் பாலஸ்தீன நிர்வாகம் உள்ள 'பி' பகுதி. மீதி முக்கால் பங்கு இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதி. அங்கே பாலஸ்தீனர் கொட்டகை போடவும், பாதை வெட்டவும் இஸ்ரேல் நிர்வாகத்தின் அனுமதி தேவை. அது கிடைப்பது அரிது. 2024 ஆகஸ்டில் நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய குடியேற்றத்துக்கு சுமார் 60 ஹெக்டேரை இஸ்ரேல் அரசு ஒதுக்கியது. அந்த இடம் பத்தீர் பாரம்பரியத் தளத்தோடு மோதுகிறது என்று இஸ்ரேலின் பீஸ் நௌ என்ற அமைதி அமைப்பே கண்டித்தது. யுனெஸ்கோ பெயர்ப்பலகை ஊருக்குப் பெருமையும் கவனமும் தருகிறது. புல்டோசரை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

அமைதியான காலத்தில் முடியும். பெத்லகேமின் பாப் அஸ்-ஸுகாக் சந்திப்பிலிருந்து பகிர்வு டாக்ஸி பிடிப்பது எளிது. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு சாலை வாயில்கள் முன்னறிவிப்பின்றி மூடப்படுகின்றன. அன்றைய நிலவரத்தைப் பெத்லகேமில் தங்குமிடத்தில் விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும். ரயில் பாதையில் இறங்கி நடக்கக் கூடாது, ஊரார் நடந்தாலும் நீங்கள் நடக்க வேண்டாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

காய்கறிப் பசுமையைப் பார்க்க ஏப்ரல்-மே. ஆலிவ் பறிப்பைப் பார்க்க அக்டோபர்-நவம்பர். ஆகஸ்டு நண்பகலில் சரிவில் நிழல் இருக்காது. பிடிப்புள்ள காலணி தேவை, மழை பெய்த மறுநாள் கற்படிகள் வழுக்கும். ஊற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம். காரணம் மேலே சொல்லியிருக்கிறது. தொட்டியில் நீந்தவோ கால் கழுவவோ கூடாது. அது அன்றைக்கு யாரோ ஒரு குடும்பத்தின் பங்கு.

சுவரிலிருந்து கல் விழுந்து கிடந்தால் எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். விழுந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உச்சியில் சும்மா வைக்கும் கல் அடுத்த காற்றில் மறுபடி விழும், கீழே பாத்தியில் இருக்கும் செடியையும் நசுக்கும். எந்தக் கல் எந்த இடுக்கிலிருந்து வந்தது என்று நிலத்துக்காரர் அதன் முகத்தைப் பார்த்தே சொல்வார். பக்கத்தில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், கல் விழுந்திருக்கும் இடத்தைக் காட்டினால் போதும்.